பெரிய வண்டியா, வரும் வழியா?

மலாக்கா நீரிணையைக் கடந்து மேற்கே செல்லும் கப்பல்கள், கிரேட் நிகோபார் தீவுக்கும் சுமத்ராவுக்கும் இடையிலுள்ள ஆறு டிகிரி கால்வாய் வழியாகவே இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைகின்றன. ஜப்பானிலும் கொரியாவிலும் தாய்லாந்திலும் தயாரான ஆயிரக்கணக்கான மோட்டார் வாகனங்களைச் சுமந்து செல்லும் கப்பல்களும் அவற்றில் அடக்கம். இந்தச் சர்வதேசக் கடல் பாதை, தீவின் தென்கிழக்கிலுள்ள கலாதியா விரிகுடாவிலிருந்து ஏறத்தாழ 40 கடல் மைல் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால், அதே தீவின் தலைமையிடமான கேம்பல் பே நகரில் வசிக்கும் ஒருவர் ஒரு சரக்கு வண்டி வாங்க நினைத்தால், அது 1,600 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சென்னையிலிருந்தோ, அதைப் போன்ற வேறொரு பெருநிலத் துறைமுகத்திலிருந்தோ இரண்டு கப்பல்கள் மாறித்தான் வந்து சேர வேண்டும்.

இந்த முரண்பாட்டை இப்போது நினைவூட்ட வேண்டிய அவசியம் இருக்கிறது. அமெரிக்க வாகனங்களுக்கு இந்தியா விதிக்கும் சுங்க வரி மிக அதிகம் என்பது வாஷிங்டன் பல ஆண்டுகளாகப் பாடிவரும் பல்லவி. வரியைக் குறைப்பதா, கூடாதா என்கிற வாதம் தலைநகர் தில்லியில் ஓய்ந்தபாடில்லை. அந்த வாதத்தில் அமெரிக்காவின் அடையாளமாக முன்னிறுத்தப்படுவது முழு அளவுப் பிக்-அப் டிரக். கரடுமுரடான பாதை, கனத்த மழை, சுமை ஏற்ற வேண்டிய கட்டாயம் ஆகிய மூன்றும் ஒருசேர உள்ள கேம்பல் பே போன்ற எல்லைப்புற ஊர்களுக்கே இத்தகைய வண்டி ஏற்றது என்று முதல் பார்வையில் தோன்றக்கூடும். அது எந்த அளவுக்கு உண்மை என்பதை ஆராய்ந்து பார்த்தால், வரி விகிதத்தைவிடப் பெரிய பிரச்னை ஒன்று வெளிப்படுகிறது.

மாம்பழமும் மோட்டார் சைக்கிளும்

அமெரிக்க வாகனத்துக்காக இந்தியா விதிகளைத் தளர்த்துவது புதிதல்ல. 2007-ஆம் ஆண்டில் இந்திய மாம்பழங்களை அமெரிக்கச் சந்தையில் அனுமதிப்பதற்கு ஈடாக, 800 சிசி-க்கு மேற்பட்ட ஹார்லி-டேவிட்சன் போன்ற மோட்டார் சைக்கிள்களின் இறக்குமதிக்கு வழிவிடப்பட்டது. 2018-இல் பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கான சுங்க வரி 75 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2025 பட்ஜெட்டில் 1,600 சிசி-க்கு மேற்பட்டவற்றுக்கு அது 30 சதவீதமாகியது. இதற்கிடையே என்ன நடந்தது? ஹரியாணா மாநிலம் பாவலில் இயங்கிவந்த தனது ஆலையை 2020-இல் மூடிவிட்டு, இந்தியாவில் விற்பனைப் பொறுப்பை ஹீரோ நிறுவனத்திடம் ஒப்படைத்தது ஹார்லி-டேவிட்சன். வரியைக் குறைத்தால் மட்டும் வாகனம் வந்துவிடாது. வந்தாலும் நிலைத்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

நான்கு சக்கர வாகனங்களின் கதையும் ஏறத்தாழ இதுதான். 40 ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ள கார்களுக்கான அடிப்படைச் சுங்க வரி 2025 பட்ஜெட்டில் 70 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால், வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டுத் தீர்வை 40 சதவீதம் என்ற பெயரில் இன்னொரு சுமை ஏற்றப்பட்டதால், மொத்தச் சுங்கச் சுமை 110 சதவீதமாக நின்றது. 2025 செப்டம்பரில் பெரிய கார்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 40 சதவீதம் என நிர்ணயிக்கப்பட்டது. இந்தக் கணக்குப்படி, துறைமுகத்தில் 100 ரூபாய் மதிப்பிடப்படும் பெரிய கார், வரிகளைக் கட்டி வெளியே வரும்போது 294 ரூபாயாகிவிடுகிறது. சரக்கு வாகனம் என வகைப்படுத்தப்பட்டால் வரி குறையும். ஆனால், ஐந்து பேர் சொகுசாக அமரும் அறையும் பின்னால் திறந்த சரக்குத் தொட்டியும் கொண்ட வண்டி, பயணிகள் வாகனமா சரக்கு வாகனமா என்பது சுங்க அதிகாரியின் மேசையில் முடிவாக வேண்டிய விஷயம்.

வாசலிலேயே நிற்கும் வண்டி

வரியைக் கட்டத் தயாராக இருப்பவருக்கும் கதவு எளிதில் திறக்காது. அமெரிக்காவில் 1977 முதல் தொடர்ந்து அதிகம் விற்பனையாகும் டிரக் வரிசை என்கிற பெருமை ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசைக்கு உண்டு. அதில் புகழ்பெற்ற எஃப்-150 வண்டியை எடுத்துக்கொள்வோம். இதன் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-ஆவது பிரிவு, உரிய சைகைக் கருவி பொருத்தப்பட்டிருந்தால் இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதை முற்றிலுமாகத் தடை செய்யவில்லை. ஆனால், வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இறக்குமதிக் கொள்கை, புதிய வாகனமானாலும் பழைய வாகனமானாலும் ஸ்டீயரிங் வலப்பக்கமே இருக்க வேண்டும் என்கிறது. வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். முகப்பு விளக்கின் ஒளி, இடப்பக்கமாகச் செல்லும் போக்குவரத்துக்கு ஏற்றதாக அமைய வேண்டும்.

பாதுகாப்புத் தர நிர்ணயமும் வேறுபடுகிறது. வாகனத் தரங்கள் தொடர்பான 1958-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்பாட்டில் அமெரிக்கா சேரவில்லை. தயாரிப்பாளரே தரச் சான்று அளித்துக்கொள்ளும் முறை அங்கு நிலவுகிறது. இந்தியாவிலோ அங்கீகரிக்கப்பட்ட அமைப்பின் சோதனை தேவை. அமெரிக்காவில் பின்பக்கத் திருப்பு விளக்கு சிவப்பாக எரியலாம்; இந்திய விதிப்படி அது மஞ்சளாக எரிய வேண்டும். சிறிய விஷயம்தான் என்றாலும், பதிவு அலுவலகத்தில் வண்டியைத் திருப்பி அனுப்ப அது போதும்.

பழைய வண்டியை வாங்கி வரலாம் என்றால், அது மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. இன்னும் ஐந்து ஆண்டுகள் ஓடும் தகுதி இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். புதிய வண்டிகளுக்கு மும்பை, நவசேவா, கொல்கத்தா, சென்னை, எண்ணூர், கொச்சி என ஒரு பட்டியல் உண்டு. அப்பட்டியலில் அந்தமான்-நிகோபார் துறைமுகம் எதுவும் இடம்பெறவில்லை. கண்ணுக்கெட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் வாகனக் கப்பல்கள் அணிவகுத்துச் செல்லும் ஒரு தீவுக்கு, வெளிநாட்டு வண்டி ஒன்று வர வேண்டுமானால், அது முதலில் தீவைக் கடந்து சென்னைக்குச் சென்று, பின்னர் திரும்பி வர வேண்டும்.

விதிகள் வீணானவை அல்ல

இதைச் சொன்னவுடன், விதிகளை எல்லாம் தூக்கி எறிய வேண்டும் என்று முடிவு கட்டிவிடுவது சரியல்ல. இடப்பக்கம் அமர்ந்து ஓட்டுபவர், முன்னே செல்லும் லாரியை முந்தும்போது எதிரே வருவது என்னவென்று பார்க்க இயலாது. இந்தியச் சாலைகளில் அது உயிருக்கு உலை வைக்கும் குறை. வலப்பக்க ஸ்டீயரிங் நிபந்தனை, உள்நாட்டுத் தயாரிப்பாளரைக் காப்பாற்றுவதற்காக மட்டும் எழுதப்பட்டதல்ல.

இந்தியாவைப் போலவே சாலையின் இடப்பக்கம் வாகனம் ஓட்டும் ஆஸ்திரேலியாவில் அமெரிக்கப் பிக்-அப் வண்டிகள் விற்பனையாகின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். மெல்போர்ன் நகரில் ராம், செவர்லே சில்வராடோ போன்ற வண்டிகளைப் பிரித்து, ஸ்டீயரிங்கை வலப்பக்கம் மாற்றி விற்பதற்கென்றே தொழிற்சாலைகள் இயங்குகின்றன. ஃபோர்டு எஃப்-150 வண்டியும் 2023 முதல் இவ்வாறு அங்கே மாற்றியமைத்து விற்கப்படுகிறது. அந்த நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்குவோர் இருப்பதால் அது கட்டுப்படியாகிறது. தனியொருவர் தனக்கென ஒரு வண்டியை இங்கே பட்டறையில் மாற்றிக்கொள்ள முடியாது. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. அதை உச்ச நீதிமன்றம் 2019-இல் உறுதிப்படுத்தியும் இருக்கிறது.

இறக்குமதிச் சுவரைப் பற்றி அமெரிக்கா பாடம் நடத்துவதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அமெரிக்கப் பிக்-அப் இவ்வளவு பருத்ததே ஒரு சுவரின் நிழலில்தான். அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு மேற்கு ஜெர்மனியும் பிரான்ஸும் வரி விதித்ததற்குப் பதிலடியாக, 1964-இல் இலகு ரக டிரக்குகளின் இறக்குமதிக்கு 25 சதவீத வரி விதித்தது அமெரிக்கா. "கோழி வரி" என்றே பெயர் பெற்றுவிட்ட அது, கோழிச் சண்டை மறந்து அறுபது ஆண்டுகள் ஆன பின்னும் நீடித்தது. இந்தியாவின் மஹிந்திரா நிறுவனம் தனது டீசல் பிக்-அப் வண்டியை அமெரிக்காவில் விற்க 2000-களில் முயன்றது. 2010-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பின் சான்றையும் பெற்றது. ஆனால், அமெரிக்க விநியோகஸ்தருடன் ஏற்பட்ட பிணக்கு வழக்கில் முடிந்து, வண்டி கடைக்கு வராமலேயே போயிற்று. ஆக, வாசலில் காவலாளியை நிறுத்துவது ஏழை நாடுகளின் வழக்கம் மட்டுமல்ல.

யானைக்குத் தீனி

விதிகள் அனைத்தும் விலக்கப்பட்டு, வரியும் ரத்தாகி, ஒரு முழு அளவு அமெரிக்கப் பிக்-அப் கேம்பல் பே ஜெட்டியில் வந்திறங்கிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அதன் பின்னர் என்ன?

எஃப்-150 வண்டியின் பரவலான வடிவம் ஏறத்தாழ 5.9 மீட்டர் நீளம் கொண்டது. பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் அகலம் 2.4 மீட்டருக்கு மேல். இந்தியாவில் ஒற்றைத் தடச் சாலைக்கு வகுக்கப்பட்ட நெறிமுறை அகலம் 3.75 மீட்டர். இத்தகைய இரு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்கியே ஆக வேண்டும். நிகோபாரின் மழையில் சாலையோர மண் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது எரிபொருள். அமெரிக்க அரசின் மதிப்பீட்டின்படியே இந்த ரக வண்டிகள் லிட்டருக்கு எட்டு அல்லது ஒன்பது கிலோமீட்டர்தான் ஓடும். கேம்பல் பே நகருக்குப் பெட்ரோலும் டீசலும் கடல் வழியாகத்தான் வர வேண்டும். கப்பல் தாமதமானால் எரிபொருளும் தாமதம். யானையைக் கட்டித் தீனி போடுவதற்கு, முதலில் தீனி ஊருக்குள் வர வேண்டுமல்லவா?

பழுதுபார்ப்பு அதைவிடச் சிக்கலானது. கடலுப்பு கலந்த காற்றில் இரும்பு எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கும் என்பது தீவுவாசிகளுக்குத் தெரியும். உதிரி பாகம் கிடைக்காத வண்டி, ஒரு மழைக்காலத்தைக் கடந்தால் காயலான் கடைச் சரக்குதான். ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியில் இந்தியாவில் கார் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பைக் கைவிடுவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. சென்னையை அடுத்த மறைமலைநகரில் அந்நிறுவனத்தின் ஆலை எத்தனையோ லட்சம் கார்களை உருவாக்கியிருந்தும், அங்கு முழு அளவுப் பிக்-அப் ஒருபோதும் தயாரிக்கப்படவில்லை. 2025-இல் அந்த ஆலையை மீண்டும் இயக்கத் தமிழக அரசுடன் ஒப்பந்தம் செய்தபோதும், ஃபோர்டு பேசியது ஏற்றுமதிக்கான என்ஜின்களைப் பற்றித்தான். தயாரிப்பாளரே விலகி நிற்கும் நாட்டில், அதன் கடைக்கோடித் தீவில், அந்த வண்டிக்கு உதிரி பாகம் தேடுவது எவ்வாறு?

தீவுக்கு எது பொருந்தும்?

கேம்பல் பே பகுதியில் இன்று காணும் குடியிருப்புகளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1969-இல் தொடங்கி, பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களிலிருந்து முன்னாள் ராணுவத்தினரின் 330 குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பட்டன. எல்லையைக் காக்க மக்கள் வேண்டும் என்பதற்காகத் தில்லி எடுத்த முடிவு அது. காட்டைத் திருத்தி அவர்கள் தென்னையும் பாக்கும் வளர்த்தார்கள். கேம்பல் பே நகரிலிருந்து தெற்கே இந்திரா முனை வரை 51 கிலோமீட்டருக்கு வடக்கு-தெற்குச் சாலையும், மேற்குக் கரை நோக்கி 43 கிலோமீட்டருக்குக் கிழக்கு-மேற்குச் சாலையும் வெட்டப்பட்டன.

2004 டிசம்பர் 26 அன்று வந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் இந்த உழைப்பில் பெரும் பகுதியை விழுங்கின. இந்திரா முனைப் பகுதியின் நிலம் நான்கு மீட்டருக்கும் மேலாகத் தாழ்ந்தது. கடலோரமாகச் சென்ற தெற்குச் சாலை பல இடங்களில் கடலுக்குள் சென்றது. ஜெட்டி சேதமடைந்தது. நிகோபாரி மக்களின் கரையோரக் கிராமங்கள் அழிந்தன. 910 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தீவில், 2011 கணக்கெடுப்பின்படி வசித்தவர்கள் ஏறத்தாழ 8 ஆயிரம் பேர்.

இவர்களுடைய தேவை என்ன? தேங்காய் மூட்டையையும் மீன் பெட்டியையும் ஜெட்டிக்குக் கொண்டு செல்ல வேண்டும். கப்பலில் வந்த அரிசியையும் சிமென்ட்டையும் கிராமத்துக்குக் கொண்டுவர வேண்டும். நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இதற்கு 2.5 டன் எடையுள்ள அமெரிக்க வண்டி தேவையில்லை. 2005-இல் டாடா நிறுவனம் அறிமுகப்படுத்தி, தமிழகத்தில் "குட்டி யானை" என்று செல்லப் பெயர் பெற்ற ஏஸ் போன்ற சிறு வண்டியும், மலைப்பாதைக்கு ஏற்ற நடுத்தரப் பிக்-அப்பும் போதும். சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாராகும் இசுசூ டி-மேக்ஸ் போன்ற நான்கு சக்கர இயக்க வண்டிகளும் உள்நாட்டிலேயே கிடைக்கின்றன.

இதில் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. முழு அளவுப் பிக்-அப் வண்டிகளின் தாயகமான அமெரிக்காவிலேயே, விவசாயிகள் பலர் ஜப்பானின் 660 சிசி குட்டி டிரக்குகளை இறக்குமதி செய்கிறார்கள். அங்குள்ள சட்டப்படி 25 ஆண்டுகள் கடந்த வாகனமானால் பாதுகாப்புத் தர விதியிலிருந்து விலக்கு உண்டு. அந்த வழியைப் பயன்படுத்தி, பழைய ஜப்பானிய வண்டியைக் கப்பலேற்றி வரவழைக்கிறார்கள். தோட்டத்துக்குள் நுழைய வேண்டியவனுக்கு வண்டியின் பெருமையைவிட வண்டியின் அகலம் முக்கியம் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

சுமைகூலி முக்கால் பணம்

ஆகவே வண்டி ஒரு பிரச்னையே அல்ல. அது உள்நாட்டிலேயே இருக்கிறது. அதைத் தீவில் இறக்கும் வழிதான் இல்லை. சென்னையிலிருந்து, 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட்பிளேருக்கு ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். அங்கிருந்து கேம்பல் பே நகருக்கு மேலும் 500 கிலோமீட்டருக்கு மேல். இடையில் கார் நிகோபார், கமோர்ட்டா போன்ற தீவுகளைத் தொட்டுச் செல்லும் கப்பல், வானிலையையும் பொறுத்தே வந்து சேரும். வாகனம் தானே ஏறி இறங்கும் ரோ-ரோ வசதி இல்லாத கப்பலானால், வண்டியைக் கிரேனில் கட்டித் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு துறையிலும் மீண்டும் தூக்கித்தான் இறக்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தத் தீவுக்கென்றே சொல்லிவைத்த பழமொழி போலிருக்கிறது.

ரோ-ரோ கப்பல் இந்தியாவுக்குப் புதிதல்ல. குஜராத்தில் கோகா-ஹசீரா இடையே 2020 நவம்பரில் தொடங்கப்பட்ட சேவை, 370 கிலோமீட்டர் சாலைப் பயணத்தை 90 கிலோமீட்டர் கடல் பயணமாகச் சுருக்கியது. போர்ட்பிளேரிலேயே சாத்தம்-பம்பூஃபிளாட் இடையே வாகனப் படகு ஓடிய அனுபவம் உண்டு. லாரி முதலாளிகளின் வசதிக்காகக் குஜராத்தில் செய்ய முடிந்ததை, வேறு வழியே இல்லாத நிகோபார் மக்களுக்காகச் செய்ய முடியாதா என்பதுதான் கேள்வி.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. கிரேட் நிகோபாரில் சரக்குப் பெட்டக மாற்று முனையம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் ஆகியவை அடங்கிய பெருந்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அப்போதைய மதிப்பீடு ஏறத்தாழ ரூ.72 ஆயிரம் கோடி. 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்காக வழங்கப்படுகிறது. ஷோம்பென் பழங்குடியினரின் வாழ்வும், தோல்முதுகு ஆமைகளின் முட்டையிடும் கரையும் என்னவாகும் என்கிற கேள்விகள் தனியே விவாதிக்கப்பட வேண்டியவை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. பெட்டக மாற்று முனையம் என்பது ஒரு கப்பலிலிருந்து பெட்டியை இறக்கி மற்றொரு கப்பலில் ஏற்றும் இடம். அந்தப் பெட்டி தீவுக்குள் வருவதில்லை. உலகத்தின் சரக்கெல்லாம் கலாதியா விரிகுடாவில் இறங்கி ஏறினாலும், 40 கிலோமீட்டருக்குள் இருக்கும் கேம்பல் பே வணிகருக்கு ஒரு மூட்டை உப்புகூட அதனால் மலிவாகிவிடாது. உள்நாட்டுக் கப்பல்களுக்கென்று தனித் துறையும் ரோ-ரோ சாய்தளமும் அமைக்கப்பட்டாலொழிய.

திரும்பிப் போகாத வண்டி

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பெருநிலத்தில் பழைய வண்டி ஊர் விட்டு ஊர் போகும். இறுதியில் உடைப்பவரிடம் சேரும். தீவில் இறங்கிய வண்டி திரும்பிப் போவதில்லை. அதை எடுத்துச் செல்லும் கூலி, பழைய இரும்பின் விலையைவிட அதிகம். என்ஜின் எண்ணெயும் மின்கல அமிலமும் கசியும் வண்டிகள், உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காட்டின் ஓரத்தில் துருப்பிடித்துக் கிடப்பது யாருக்கும் பெருமை சேர்க்காது. வருகின்ற ஒவ்வொரு வண்டிக்கும் போகின்ற வழியையும் சேர்த்தே திட்டமிடுவதுதான் அறிவுடைமை. வண்டி பெரிதாக ஆக, இந்தச் சுமையும் பெரிதாகும்.

தில்லியில் இருப்பவருக்கு விரும்பிய வண்டியை வாங்கும் உரிமை இருக்கும்போது, தீவில் இருப்பவருக்கு மட்டும் சிறு வண்டி போதும் என்று சொல்வது எந்த விதத்தில் நியாயம் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வாங்கும் உரிமையை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால், தில்லிக்காரருக்கு வண்டி வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. தீவுவாசிக்கு அந்த வாசலே இல்லை. சமநீதி தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

செய்ய வேண்டியவை பல இல்லை. அமெரிக்காவுடன் வர்த்தகம் பேசும்போது வரியை எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசலாம். வலப்பக்க ஸ்டீயரிங்கையும் பாதுகாப்புச் சோதனையையும் பேரப் பொருளாக்கக் கூடாது. கலாதியா துறைமுகம் அமையுமானால், அதைச் சாக்கிட்டுத் தீவைச் சுங்க வரியற்ற வாகனச் சந்தையாக்கும் யோசனைக்கு இடமளிக்கக் கூடாது. சென்னை, போர்ட்பிளேர், கேம்பல் பே ஆகியவற்றை இணைக்கும் ரோ-ரோ கப்பல் சேவையை, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட கால அட்டவணையுடன் தொடங்க வேண்டும். பயணக் கட்டணத்தில் தீவுவாசிகளுக்குச் சலுகை தருவதைப் போல, ஆம்புலன்ஸ், சிறு சரக்கு வண்டி, அவற்றின் உதிரி பாகங்கள் ஆகியவற்றின் கப்பல் கூலியிலும் சலுகை தர வேண்டும். ஆயுள் முடிந்த வண்டிகளைத் திரும்பும் கப்பலில் கட்டணமின்றி ஏற்றிச் செல்ல வேண்டும்.

அந்தமான்-நிகோபாருக்குச் சட்டப்பேரவை கிடையாது. மக்களவையில் ஒரே ஒரு உறுப்பினர்தான். கேம்பல் பே நகரின் சாலையும் ஜெட்டியும் கப்பலும் தில்லியில் கையெழுத்தாகும் கோப்புகளைத்தான் நம்பியிருக்கின்றன. எல்லையைக் காக்க ஆள் வேண்டும் என்று 1969-இல் அழைத்துச் சென்ற அரசு, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒரு வண்டி தேங்காயைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் வழியை இன்னும் செம்மையாக அமைத்துத் தரவில்லை. 40 கடல் மைலுக்கு அப்பால் போகும் கப்பல்களைத் தீவுக்கு அழைப்பதற்கு முன், தீவுக்கென்றே வர வேண்டிய கப்பலைக் குறித்த நாளில் வரச் செய்வதே அரசின் முதல் கடமை.